உன் நண்பனின் பதினொரு கேள்விகள்

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது. இங்கே நான், அப்பா, தங்கை மூவரும் சுகம். அறுவை முடிந்த தங்கை இப்போது சாய்ந்தும் உட்காருகிறாள், நிமிர்ந்தும் உட்காருகிறாள், நேற்று சமையல் மேடைமேல் ஏறி உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்ததற்காக என்னிடம் திட்டும் வாங்கினாள், ஆகவே அவளைப் பற்றி நீ கவலைப்பட வேண்டாம். அங்கே உன் உடம்பும் வேலையும் நன்றாக இருக்க வேண்டும். உன் நண்பனின் உடம்பு அதைவிட நன்றாக ஆக வேண்டும், அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

ஞாயிற்றுக்கிழமை போனில் தங்கையை விசாரித்து முடித்துவிட்டு, சும்மா ஞாபகம் வந்தது போல, உன் அலுவலக நண்பன் ஒருவனுக்கும் இதே தொந்தரவு என்றாய். வயது உன் வயதுதான் என்றாய். டாக்டர் பார்த்து இந்த மாதம் பத்தொன்பதாம் தேதி காலை ஏழரைக்கு வரச் சொல்லி அறுவைக்கு நாள் கொடுத்துவிட்டார், ஆனால் அவன் வேண்டாம் என்று செய்தி அனுப்பிவிடலாமா என்று யோசிக்கிறான் என்றாய். பிறகு அவனுக்காகக் கேள்வி கேட்க ஆரம்பித்தாய். நான் காய் நறுக்கிக்கொண்டே, கையில் கிடைத்த செய்தித்தாளின் ஓரத்தில் கோடு போட்டு எண்ணினேன், பதினொன்று. அந்த நண்பனின் பெயர் என்ன என்று கேட்டேன், நீ இருமினாய். எந்தப் பிரிவில் வேலை என்று கேட்டேன், சிக்னல் சரியில்லை என்றாய். முப்பத்திரண்டு வருடம் வகுப்பில் நின்றவளுக்குப் பதினொரு கேள்விக்குப் போனில் பதில் சொல்லத் தெரியாது. எழுதிக் கொடுத்தால்தான் ஒருமுறை புரியாதவன் இரண்டாம் முறை படிப்பான், வேண்டியவனுக்குக் காட்டவும் செய்யலாம். கூரியர்காரர் ஒரு வாரத்தில் வந்துவிடும் என்று சத்தியம் செய்திருக்கிறார். பத்தொன்பதுக்கு முன்னால் நிச்சயம் உன் கையில் இருக்கும். கூடவே ஒரு பொட்டலமும் வருகிறது, அதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன், இப்போதே பிரிக்காதே.

முதலில் தங்கையின் கதையை முழுதாகக் கேள், ஏனென்றால் அவள் உனக்குச் சொன்னது பாதிதான், மீதியைச் சொல்லப்போகும்போதெல்லாம் சிரிப்பு வந்து போனை என்னிடம் கொடுத்துவிட்டாள். அவளுக்கு வேலை மொழிபெயர்ப்பு அலுவலகத்தில் என்று பெயரே தவிர, பாதி வேலை நம் வீட்டுக் கழிப்பறையில்தான் நடந்துகொண்டிருந்தது. காலையில் கைபேசியோடு உள்ளே போவாள், முக்கால் மணி நேரம் கழித்து வருவாள். ஒரு குளிர்சாதனப் பெட்டியின் கையேட்டை முதல் எச்சரிக்கையிலிருந்து கடைசி உத்தரவாதம் வரை அங்கே உட்கார்ந்தே மொழிபெயர்த்து முடித்தாள் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. சின்ன வயதிலிருந்தே அவளுக்கு மலச்சிக்கல், உனக்கும் உண்டு, மறந்திருக்க மாட்டாய். அப்படி உட்கார்ந்து முக்கி முக்கி, இரண்டு வருடத்துக்கு முன்பு ஒருநாள் ஏதோ வெளியே எட்டிப் பார்த்திருக்கிறது. எழுந்ததும் தானாக உள்ளே போய்விட்டது. இது மூலம்தான் என்று அவளே முடிவு செய்து, மருந்துக்கடையில் மூலத்துக்கு ஒரு களிம்பு வாங்கி, என் முகத்துக்குப் போடும் கிரீம் டப்பாவுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருக்கிறாள். ஒருநாள் அவசரத்தில் நான் எதை எடுத்து முகத்தில் தடவினேன் என்பதை இங்கே எழுத மாட்டேன். முகம் நன்றாகத்தான் இருந்தது. கொஞ்ச நாளில் அது தானாகப் போகவில்லை, விரலால் தள்ள வேண்டியிருந்தது. அப்புறம் தும்மினால் வந்தது, மாடிப்படி ஏறினால் வந்தது. இவ்வளவும் ஒரே வீட்டில் எங்களோடு இருந்துகொண்டு, எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லாமல்.

அப்புறம் அந்தச் செவ்வாய்க்கிழமை வந்தது. காலையில் வெளியே வந்தது உள்ளே போக மறுத்துவிட்டது. பயந்துபோனவள் முதலில் செய்த காரியம், என்னைக் கூப்பிடவில்லை, கழிப்பறையில் இருந்தபடியே தன் மேலாளருக்குச் செய்தி அனுப்பினாள்: மூலம் வெளியே வந்துவிட்டது, இன்று வர இயலாது. இங்கேதான் நீ ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். மொழிபெயர்ப்பு அலுவலகத்தில், வாடிக்கையாளர் மொழிபெயர்க்கக் கொடுக்கும் அசல் பிரதிக்குப் பெயர் மூலம். மூலம் வந்ததா, மூலத்தைப் பார்த்தாயா, மூலத்தில் பிழை இருக்கிறது என்று நாள் முழுக்க அதே பேச்சுதான். அந்த வாரம் அவள் கையில் இருந்தது இன்னும் விற்பனைக்கு வராத ஒரு துணி துவைக்கும் இயந்திரத்தின் கையேடு, பரம ரகசியம், வெளியே ஒரு வரி போகக் கூடாது என்று எல்லோரிடமும் கையெழுத்து வாங்கியிருந்தார்கள். மேலாளர் நல்ல மனிதர், ஆனால் பதற்றக்காரர். செய்தியைப் பார்த்த நிமிடம் போன் செய்துவிட்டார். கழிப்பறைக்குள் தங்கை பேசிய பேச்சு வெளியே எனக்கும் அப்பாவுக்கும் கேட்டது, அவர் பேசியதைப் பிறகு அவளே சொன்னாள், இரண்டையும் சேர்த்து எழுதுகிறேன். "எவ்வளவும்மா வெளிய போயிருக்கு?" என்றிருக்கிறார். "ரெண்டு அங்குலம் இருக்கும் சார்" என்றாள் இவள். "அங்குலமா? பக்கக் கணக்குல சொல்லும்மா." "ஒரு பக்கமில்ல சார், சுத்தி எல்லாப் பக்கமும் வந்திருக்கு." அவர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாராம். "யார் யாரு பார்த்தாங்க?" "இன்னும் யாரும் பார்க்கல சார், டாக்டர்கிட்டதான் காட்டணும்." "டாக்டர் எதுக்கும்மா, வக்கீலைப் பார்க்கணும். முதல்ல அதை எப்படியாவது உள்ள எடு." "எவ்வளவோ தள்ளிப் பார்த்துட்டேன் சார், மறுபடி மறுபடி வருது." அவர் உடனே அலுவலகத்தில் எல்லோருடைய கடவுச்சொல்லையும் மாற்றச் சொல்லி, பெரிய மேஜையைச் சுற்றிப் பதினான்கு பேரை உட்காரவைத்து, மூலம் எந்த வழியாக வெளியே போயிருக்கும் என்று கூட்டம் போட்டிருக்கிறார். தட்டச்சு செய்யும் அம்மாள் மட்டும் ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, "சார், அவ உடம்பைச் சொல்றாளோ என்னமோ" என்றாராம். கூட்டம் அப்படியே கலைந்தது. கூட்டக் குறிப்பேட்டில் அன்றைக்கு ஒரே வரிதான் இருக்கிறது, தங்கை படம் எடுத்து வந்து காட்டினாள்: மூலம் பத்திரமாக உள்ளது, ஊழியர் விடுப்பில் உள்ளார்.

உன் நண்பனின் முதல் கேள்விக்கு இதிலேயே பதில் வந்துவிட்டது. அலுவலகத்தில் தெரிந்தால் என்ன ஆகும் என்று கேட்டானே, இதற்கு மேல் யாருக்கும் தெரிய முடியாது, பதினான்கு பேர் கூட்டம் போட்டுத் தெரிந்துகொண்டார்கள். என்ன ஆயிற்று? ஒரு வாரம் சிரித்தார்கள். இரண்டாவது வாரம் யாரோ காபி இயந்திரத்தை உடைத்தார்கள், பேச்சு அந்தப் பக்கம் போய்விட்டது. உன் நண்பன் விடுப்புக் கடிதத்தில் வயிற்று அறுவை என்று எழுதினால் போதும், அது பொய்யும் இல்லை.

கதைக்கு வருகிறேன். அன்றைக்கு அப்பா தையல் இயந்திரத்தை அப்படியே விட்டுவிட்டு ஆட்டோ கூட்டிவந்தார், கழுத்தில் அளவு டேப் தொங்கிக்கொண்டே ஆஸ்பத்திரிக்கு வந்தது. அறுவை மருத்துவர் ஒரு பெண், குள்ளமாக, அமைதியாக இருந்தார். தங்கையைத் தனியே அழைத்துப்போய், வெளியே நின்றதைப் பக்குவமாக உள்ளே அனுப்பிவிட்டு, பிறகு கழிப்பறையில் உட்காரவைத்து முக்கச் சொல்லியும் பார்த்திருக்கிறார். வந்து, "இது மூலமே இல்லம்மா, மலக்குடல் இறக்கம்" என்றார். மூலம் என்றால் ரத்தக்குழாய் வீங்கித் தனித்தனி முடிச்சாகத் தெரியும், இதில் குடலே தன் முழுச் சுவரோடு மடங்கி வெளியே வருகிறது, அதனால் வட்டத்துக்குள் வட்டமாக மடிப்பு தெரியும், பார்த்தவுடனே வித்தியாசம் தெரிந்துவிடும், ஆனால் பார்க்க யாராவது காட்ட வேண்டுமே என்றார். உன் தங்கைக்கு நோயைவிட இதுதான் அவமானமாகப் போய்விட்டது. "ரெண்டு வருஷமா தப்பான சொல்லை வச்சுக்கிட்டு மருந்து போட்டிருக்கேன்மா" என்று வழியெல்லாம் புலம்பினாள். இது வயதானவர்களுக்கு வருவதல்லவா என்று நான் கேட்டேன். வயதான பெண்களுக்குத்தான் அதிகம், ஆனால் இருபது முப்பது வயதிலும் வருகிறது, ஆண்களுக்கும் வருகிறது, வருடக்கணக்கில் முக்குகிறவர்களுக்கும், பிறவியிலேயே உடம்பின் கட்டுகள் கொஞ்சம் தளர்வாக இருப்பவர்களுக்கும் வரலாம், சிலருக்கு ஏன் என்றே தெரியாது என்றார். ஏன் எனக்கு என்று உன் நண்பன் கேட்டது நான்காவது கேள்வியா ஐந்தாவதா நினைவில்லை, எதுவானாலும் அதற்குப் பதில் இதுதான், அவன் ஒரு தப்பும் செய்யவில்லை.

மலக்குடல் எப்படி இறங்கும் என்பது எனக்குப் புரியவில்லை. டாக்டர் காகிதத்தில் படம் போட்டார், அது எனக்கு ஊதுகுழல் மாதிரி இருந்தது. அப்பா எட்டிப் பார்த்தார். பிறகு, யாருக்கோ தைத்து அளவு பார்க்கப் போட்டு அப்படியே வந்துவிட்ட கோட்டைக் கழற்றி, கையை விட்டு, கைப்பகுதியின் உள்துணியான லைனிங்கைப் பிடித்து வெளியே இழுத்தார். "இதானே டாக்டரம்மா? மேல தோள்ல போட்ட தையல் விட்டுப்போச்சுன்னா லைனிங் நழுவி மணிக்கட்டுல எட்டிப் பார்க்கும். போடறவன் தினமும் விரலை விட்டு உள்ள தள்ளிக்கிட்டே இருப்பான், கடைக்கு எடுத்துட்டு வர மாட்டான்." டாக்டர், இதைவிட நன்றாகத் தன்னால் சொல்ல முடியாது என்று ஒப்புக்கொண்டார். நான் முப்பத்திரண்டு வருடம் உதாரணம் சொல்லியே பிழைத்தவள், ஒரு தடவைகூட அப்பாவிடம் தோற்றதில்லை, அன்றைக்குத் தோற்றேன். அதற்குப் பிறகு இரண்டு பேரும் என்னை மறந்துவிட்டார்கள். இதைச் சரிசெய்ய இரண்டு வழி இருக்கிறதாம். கீழே இருந்தே, வெளியே வரும் பகுதியை வெட்டியோ மடித்தோ தைப்பது ஒன்று. வயிற்றில் மூன்று நான்கு சின்னத் துளை போட்டு, கேமரா விட்டு, குடலை மேலே இழுத்து முதுகெலும்பின் அடியோடு சேர்த்துத் தைத்து நிறுத்துவது இன்னொன்று. "கீழ வெட்டி ஓரம் அடிக்கிறது அவசர வேலை, தோள்ல பிடிச்சுத் தைக்கிறதுதான் நிக்கும்" என்றார் அப்பா. டாக்டர் அவசர வேலை என்பதை மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை, பெரிய மயக்க மருந்தைத் தாங்க முடியாதவர்களுக்குக் கீழ்வழிதான் சரி, ஆனால் இளம் வயதில் இன்னும் நாற்பது ஐம்பது வருடம் உழைக்க வேண்டிய குடல், அதனால் பெரும்பாலும் மேல்வழியைத்தான் யோசிப்போம் என்றார். நூல் எத்தனையாம் நம்பர் என்று அப்பா கேட்டார். காலர் நிற்க உள்ளே வைப்பது போலக் கேன்வாஸ் வைக்கிறதுண்டா என்று கேட்டார். உண்டு, சிலருக்கு வலைத்துண்டு வைப்போம், உங்கள் மகள் இனிமேல் குழந்தை பெற்றுக்கொள்ளலாம், அதையும் யோசித்து, அவரோடும் பேசி, நூலே போதும் என்று நினைக்கிறேன் என்றார். வெளியே பன்னிரண்டு பேர் காத்திருந்தார்கள். ஊசியின் வளைவைப் பற்றி அப்பா ஆரம்பித்தபோது நான்தான் டேப்பைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தேன்.

அறுவைக்கு முன்பு சோதனைகள் உண்டு, உன் நண்பனுக்கும் செய்திருப்பார்கள் அல்லது செய்வார்கள். குடலுக்குள் கேமரா விட்டு வேறு ஏதும் இருக்கிறதா என்று பார்த்தார்கள், அவளுக்குத் தூக்க மருந்து கொடுத்திருந்ததால் ஒன்றும் தெரியவில்லை. இன்னொன்றில் பசை மாதிரி ஒன்றை உள்ளே ஏற்றி, எக்ஸ்ரே இயந்திரத்தின் முன்னால் ஒரு உயரமான இருக்கையில் உட்காரவைத்து, போகச் சொல்லிப் படம் எடுத்தார்கள். இதை நினைத்து முதல் நாள் முழுக்க அழுதாள். திரும்பி வந்தபோது முகம் வேறு மாதிரி இருந்தது. "அம்மா, வாழ்க்கையில முதல்முறையா நான் பண்ணினதை மூணு பேர் அக்கறையா உட்கார்ந்து பார்த்து, ரொம்ப நல்லா வந்திருக்குன்னு சொன்னாங்க. ஆபீஸ்ல ஆறு வருஷத்துல ஒருத்தர் சொன்னதில்ல" என்றாள்.

அறுவை இரண்டரை மணி நேரம் ஆயிற்று. அப்பா காத்திருக்கும் அறையில் உட்காராமல், பக்கத்தில் இருந்த ஒரு பெரியவரின் சட்டைப் பொத்தான் தொங்குவதைப் பார்த்து, பையிலிருந்து ஊசிநூல் எடுத்து அவர் போட்டிருக்கும்போதே தைக்க ஆரம்பித்துவிட்டார். ஒரே பொத்தானை மூன்று முறை பிரித்துத் தைத்தார், பெரியவர் பாவம் வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டு நின்றார். டாக்டர் வெளியே வந்து நல்லபடியாக முடிந்தது என்றதும் என்னைவிட அந்தப் பெரியவர்தான் பெருமூச்சு விட்டார்.

வலி இருந்ததா என்று உன் நண்பன் மூன்று இடத்தில் கேட்டிருக்கிறான், ஒரே கேள்விக்கு மூன்று சட்டை மாற்றிவிட்டிருக்கிறான். இருந்தது. இரண்டு நாள் வயிற்றில் இழுத்துப் பிடித்தது போல, கேமராவுக்காக ஊதிய காற்றினால் தோள்பட்டையிலும் வலி இருந்தது, மாத்திரைக்கு அடங்கியது. இரண்டாம் நாளே நடக்கவைத்தார்கள், நான்காம் நாள் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வீட்டுக்கு வந்ததும் அப்பா அவள் வயிற்றில் இருந்த நான்கு சின்ன தையலையும் கண்ணாடி போட்டுப் பார்த்தார், கைவேலை சுத்தம், ஆனால் கடைசி முடிச்சு கொஞ்சம் நீளம் என்றார். எதிர்வீட்டுக்காரர் மகளுக்கு என்ன ஆபரேஷன் என்று விசாரித்தபோது, "பெருசா ஒண்ணுமில்ல, சின்ன ஆல்டரேஷன்" என்று சொல்லி அனுப்பிவிட்டார். எதிர்வீட்டுக்காரர் இன்றுவரை அது மூக்கு என்று நம்பிக்கொண்டு, அவளைப் பார்க்கும்போதெல்லாம் நன்றாக அமைந்திருக்கிறது என்கிறார்.

எல்லோரும் பயந்தது அறுவைக்குப் பிந்திய முதல் மலத்துக்குத்தான். முக்கவே கூடாது, மலம் இளகுவதற்கு ஒரு பொடி கொடுத்திருந்தார்கள், நிறையத் தண்ணீர், காலடியில் சின்ன ஸ்டூல். ஐந்தாம் நாள் காலை உள்ளே போனாள். கைபேசி கொண்டுபோக வேண்டாம் என்று நான் சொல்லியிருந்தும், பயமாக இருக்கிறது, கடைசியாக இந்த ஒரு தடவை என்று கெஞ்சிக் கொண்டுபோனாள். அப்பா கழிப்பறைத் தாழ்ப்பாளுக்கு எண்ணெய் போடுகிறேன் என்று வெளியே நின்றார், அந்தத் தாழ்ப்பாள் புதியது. நான் அடுப்பை அணைத்துவிட்டு நின்றேன். பத்து நிமிடத்தில் எங்கள் இரண்டு பேர் கைபேசியிலும் ஒரே செய்தி வந்தது: வெளியீடு இனிதே நடந்தது, மூலம் உள்ளேயே உள்ளது. அப்பா கை தட்டினார். எண்ணெய்க் கிண்ணம் கீழே விழுந்தது. அந்தக் கறை இன்னும் போகவில்லை, நீ வரும்போது காட்டுகிறேன்.

ஆறு வாரம் கனமாக எதையும் தூக்கக் கூடாது என்றார்கள், தூக்கவில்லை. வேலைக்குத் திரும்பிய அன்று மேஜைமேல் ஒரு அட்டை இருந்தது, மூலம் உள்ளே இருப்பதில் மகிழ்ச்சி என்று பதினான்கு பேரும் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். அதைவிட எனக்குப் பிடித்தது வேறு. அலுவலகக் கழிப்பறையில் ஒரு சின்ன மர ஸ்டூல் வந்திருக்கிறது. யார் வாங்கி வைத்தார்கள் என்று யாருக்கும் தெரியாது. தங்கைக்காகத்தான் என்று நினைத்தால், ஆண்கள் கழிப்பறையிலும் ஒன்று வந்திருக்கிறதாம், அதில்தான் பாலிஷ் சீக்கிரம் தேய்கிறதாம். இதிலிருந்து உன் நண்பன் ஒன்று தெரிந்துகொள்ளலாம், அவன் நினைக்கிற அளவுக்கு அவன் தனியாள் இல்லை.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். ஆறாவது வாரப் பரிசோதனை நேற்று முன்தினம் இருந்தது. மிச்சக் கேள்விகளைத் துண்டுச்சீட்டில் எழுதிக்கொண்டு போனேன். யாருக்கம்மா என்று டாக்டர் கேட்டார், மகனுடைய நண்பனுக்கு என்றேன். அந்த நண்பருக்கு என்ன வயது என்று கேட்டார். போன மாதம் பதினொன்றாம் தேதியோடு முப்பத்து நான்கு முடிந்தது என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். டாக்டர் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை, நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு பொறுமையாகப் பதில் சொன்னார். அதற்காக அவருக்கு நான் என்றைக்கும் கடமைப்பட்டவள்.

நீ எட்டாவதாக, குரலைத் தாழ்த்தி, நண்பன் வருங்காலத்தில் கல்யாணம் செய்துகொண்டால் ஏதாவது பாதிப்பு இருக்குமா என்று சுற்றி வளைத்துக் கேட்டாயே, அதையும் கேட்டேன். இந்தப் பத்தியை எழுதும்போது அப்பாவைத் தையல் அறைக்கு அனுப்பிவிட்டேன். ஆண்களின் அந்தக் காரியத்துக்கான நரம்புகள் குடலுக்குப் பக்கத்திலேயே போகின்றனவாம். மேல்வழியில் அவற்றுக்குச் சேதம் வரும் வாய்ப்பு குறைவு, ஆனால் இல்லவே இல்லை என்று சொல்ல முடியாது, அதனால்தான் இளம் ஆண்களுக்கு எந்த வழி, எவ்வளவு தூரம் குடலைப் பிரிப்பது என்று டாக்டர்கள் கூடுதலாக யோசிப்பார்கள். அவன் தன் டாக்டரிடம் இதைத் தெளிவாக, அறுவைக்கு முன்பே கேட்க வேண்டும். அந்தக் காரியம் என்று சொல்லாமல் அதன் பெயரைச் சொல்லியே கேட்க வேண்டும், சுற்றி வளைத்தால் டாக்டர் வேறு காரியத்துக்குப் பதில் சொல்லிவிடுவார், மேலாளர் வக்கீலைக் கூப்பிட்ட மாதிரி. திரும்ப வருமா என்றும் கேட்டேன், வரவே வராது என்று எழுதிக்கொடுக்க மாட்டேன், சிலருக்கு வருகிறது, முக்குகிற பழக்கத்தை விடாதவர்களுக்கு வாய்ப்பு அதிகம் என்றார். மலச்சிக்கல் சிலருக்கு அறுவைக்குப் பிறகும் இருக்கும், கூடவும் கூடும், அதற்குத் தனியே வைத்தியம் உண்டு என்றார். நல்ல டாக்டர் என்பதற்கு எனக்கு இதுவே அடையாளம், தெரியாததைத் தெரியாது என்றார்.

கடைசியாக, இப்போதைக்குத் தள்ளிப்போட்டால் என்ன, தள்ளினால் உள்ளே போய்விடுகிறதே என்று கேட்டிருந்தாய். இதற்கு மட்டும் டாக்டர் சிரிக்கவில்லை. அறுவை வேண்டாம் என்று தள்ளிக்கொண்டே போனால், ஒவ்வொரு முறை வெளியே வரும்போதும் ஆசனவாயைச் சுற்றியிருக்கிற சுருக்குத் தசை விரிந்து விரிந்து தளர்ந்துபோகும், அப்புறம் குடலை மேலே நிறுத்தினாலும் அடக்கும் சக்தி முழுதாகத் திரும்பாமல் போகலாம், ஒருநாள் உள்ளே போகாமல் மாட்டிக்கொண்டால் அவசரமாக ஓட வேண்டியிருக்கும் என்றார். தங்கைக்கு அந்தத் தசை பிழைத்தது, இன்னும் இரண்டு வருடம் களிம்பு தடவியிருந்தால் சொல்ல முடியாது என்றார். வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன். அவர் எலாஸ்டிக் துண்டு ஒன்றை எடுத்து இழுத்து இழுத்து விட்டார், கொஞ்ச நேரத்தில் அது நூடுல்ஸ் மாதிரி தொங்கியது, மேஜைமேல் வைத்துவிட்டுப் போய்விட்டார். நானும் அதற்கு மேல் உதாரணம் சொல்லப் போவதில்லை.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது எனக்கு உன் ஐந்தாம் வகுப்பு ஞாபகம் வந்தது. அந்த வருடம் நான்தான் உன் வகுப்பாசிரியை, பள்ளிக்கூடத்துக்குள் அம்மா என்று கூப்பிடக் கூடாது என்று உனக்குக் கட்டளை. ஒருநாள் கணக்குப் பாடத்தின் நடுவே நீ எழுந்து நின்று, "டீச்சர், மூணாவது பெஞ்சில ஒரு பையனுக்கு அவசரமா வெளிய போகணுமாம், கேக்க வெக்கப்படுறான்" என்றாய். மூன்றாவது பெஞ்சில் நீ மட்டும்தான் அன்றைக்கு இருந்தாய், மற்ற இரண்டு பேருக்கும் காய்ச்சல். வகுப்பு சிரிப்பதற்குள் நான், சரி, அவனுக்குத் துணையாக நீயும் போய்விட்டு வா என்றேன். நீ ஓடிய வேகத்தில் அந்தப் பையனைப் பெஞ்சிலேயே விட்டுவிட்டுப் போய்விட்டாய். திரும்பி வந்து உட்கார்ந்தபோது உன் முகத்தில் இருந்த நிம்மதி எனக்கு இப்போதும் நினைவிருக்கிறது.

பொட்டலத்தை இனிப் பிரிக்கலாம். அறுவைக்குப் பிறகு வயிற்றுத் தையலில் இடுப்புப் பட்டி அழுத்தக் கூடாது என்று அப்பா தங்கைக்கு நாடா வைத்த தொளதொள கால்சட்டை இரண்டு தைத்துக் கொடுத்திருந்தார், அவள் அதிலேயே குடியிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை நீ போனை வைத்ததும் உன் நண்பனைப் பற்றி அப்பாவிடம் சொன்னேன். அவர் எழுந்துபோய், மெல்லிய பருத்தித் துணி ஆறு கஜம் எடுத்து விரித்தார். அவனுடைய அளவு நமக்குத் தெரியாதே, கேட்டு எழுதச் சொல்லட்டுமா என்றேன். அவர் அளவு நோட்டைக்கூட எடுக்கவில்லை. இடுப்பு முப்பத்து நான்கு, நீளம் நாற்பத்தொன்று, இடது கால், கால் அங்குலம் குட்டை என்று முணுமுணுத்துக்கொண்டே சாக்பீஸால் கோடு போட்டு வெட்டிவிட்டார். நான் பார்த்துக்கொண்டே நின்றேன். "அவனுக்குச் சரியா இருக்கும்" என்றார், இயந்திரத்தில் போய் உட்கார்ந்துகொண்டார். மூன்று கால்சட்டை இருக்கிறது. உன் நண்பனுக்குக் கொடு.

அங்கே அவனுக்குச் சமைத்துப்போட, ஸ்டூல் எடுத்துவைக்க, ஆறு வாரம் கனம் தூக்காமல் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டுமென்றால் எழுது, அல்லது இருமு, எனக்குப் புரியும். என் பெட்டியைப் பரணிலிருந்து இறக்கித் தூசி தட்டி வைத்திருக்கிறேன். யார் நீங்கள் என்று அங்கே கேட்டால், பேஷண்டுடைய நண்பனின் அம்மா என்று சொல்லிக்கொள்கிறேன், எனக்கு அதில் ஒரு சங்கடமும் இல்லை. கைபேசியைக் கழிப்பறைக்குள் கொண்டுபோகாதே, இது உனக்கு. தண்ணீர் குடிக்கச் சொல், இது அவனுக்கு. நீங்கள் இரண்டு பேரும் நல்ல சுகத்தோடு நெடுநாள் உட்கார்ந்து எழுந்து வாழ வேண்டும் என்று நானும் அப்பாவும் மனதார வாழ்த்துகிறோம். தங்கையும் வாழ்த்துகிறாள், சொல்லை மட்டும் சரியாகப் பயன்படுத்தச் சொன்னாள், மலக்குடல் இறக்கம், மூலம் இல்லை. செய்தி எதுவும் அனுப்பி எதையும் நிறுத்த வேண்டாம். பத்தொன்பதாம் தேதி காலை ஏழரைக்கு, உன் நண்பனுக்குத் துணையாக நீயும் போய்விட்டு வா.

இப்படிக்கு,
உன் அம்மா,
வகுப்பாசிரியை, ஐந்தாம் வகுப்பு, ஆ பிரிவு